ஊர் உண்ணும் இடம்



ஊர் சுற்றுவோர் பலர். ஊரை அறிவோர் சிலர். கோயிலைக் கண்டோம், கோபுரத்தைக் கண்டோம், கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம் என்று கணக்குச் சொல்வோரிடம், "அந்த ஊரார் காலையில் எதை உண்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள்?" என்று கேட்டால் விழிக்கின்றனர். இன்று அந்தக் கேள்வியைப் பற்றியே பேச விரும்புகிறேன். வெளியூர் செல்லும்போது அவ்வூருக்கே உரிய எளிய உணவுக்கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? அப்படித் தேடுவதால் வரும் பயன் யாது? தேடாமல் விட்டால் கெட்டுப்போவது எது?

இந்தக் கேள்வியை அண்ணாமலை நகரிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1920இல் மீனாட்சி கல்லூரி என்று தொடங்கி, 1929இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்வி நிலையம் அங்கே உளது. பல மாவட்டத்து மாணவர்கள், பல மொழி பேசும் மாணவர்கள், விடுதிகளில் தங்கிக் கற்கும் இடம் அது. விடுதி உணவு எல்லோர் நாவுக்கும் ஒத்துவர வேண்டும். ஆகவே அது எந்த ஊரின் உணவாகவும் இருத்தல் இயலாது. அது குற்றம் அன்று. அதன் கடமை அதுவே. ஆனால் இருப்புப்பாதையைக் கடந்து சற்றே நடந்தால் சிதம்பரம் வந்துவிடும். தேரோடும் நான்கு வீதிகளும் அவற்றைச் சுற்றிய சந்துகளும் அங்கே இருக்கின்றன. மூன்றாண்டு, ஐந்தாண்டு அண்ணாமலை நகரில் வாழ்ந்து, பட்டத்தையும் பெட்டியையும் சுமந்து ஊர் திரும்பும் மாணவருள் சிலர், சிதம்பரத்துக் கொத்சு எப்படி இருக்கும் என்று அறியாமலே திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். கண்ணெதிரே ஒரு நூல் திறந்து கிடக்க, அதனைப் புரட்டாமலே போவது போன்றது இது.

நூல் என்று சொன்னது வெறும் உவமை அன்று. உணவு உண்மையாகவே ஓர் ஏடுதான். அதனைப் படிக்கும் முறையை முதலில் பார்ப்போம்.

சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் இணைபிரியாதவை. நடராசர் கோயிலோடு தொடர்புடைய உணவு இது. சம்பா சாதம் என்பது வடித்த சோற்றில் நெய் விட்டு, மிளகும் சீரகமும் பொடித்துக் கலந்தது. கொத்சு என்பது கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி விதையும் மிளகாய் வற்றலும் வறுத்து இடித்த பொடியைச் சேர்த்து இறக்குவது. ஊரின் சிறு கடைகளில் இதே கொத்சு இட்லிக்குத் துணையாக வருகின்றது.

இப்போது இலையைப் படியுங்கள். சோற்றில் இருக்கும் காரம் மிளகின் காரம். அது நம் மேற்குமலைச் சரிவில் விளைவது, மிகப் பழையது. கொத்சில் இருக்கும் காரம் மிளகாயின் காரம். அது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. போர்த்துகீசியர் கப்பலேறி வந்த காலத்திற்குப் பிறகே நம் நாட்டை அடைந்தது. நம் முன்னோர் அந்தப் புதுக் காயைக் கண்டு, அதன் காரத்தைத் தாம் அறிந்த மிளகோடு ஒப்பிட்டு, 'மிளகாய்' என்று பெயர் வைத்தனர். ஆகவே ஒரே இலையில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு காலங்கள் பக்கம் பக்கமாய் அமர்ந்திருக்கின்றன. 'இது எங்கள் ஊரின் பழம்பெரும் உணவு' என்று சொல்வது உண்மை. 'இதற்குள் கடல் கடந்து வந்த விருந்தாளி இருக்கிறான்' என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

அந்த விருந்தாளி வந்து இறங்கிய கரையும் தொலைவில் இல்லை. சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை உளது. பரங்கியர் என்று நம் மக்கள் அழைத்த ஐரோப்பியரால் வந்த பெயர் அது. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வணிகம் செய்த துறை. 1781இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களம். கிழக்குக் கடல் நாடுகளோடு வாணிகம் செய்த முசுலிம் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழும் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருப்பதும் அங்கேதான். அந்த ஊரின் பெயரில் உள்ள 'பரங்கி' என்ற சொல்லே நம் வீட்டுச் சமையலறையில் 'பரங்கிக்காய்' என்று இருக்கிறது. அந்தக் காயும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். பொங்கலன்று பரங்கிக்காய் இல்லாமல் கூட்டுக்கறி இல்லை என்னும் வீடுகள் எத்தனை! வந்தவன் பெயரைச் சுமந்துகொண்டே அந்தக் காய் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

இன்னும் வடக்கே சென்றால் பண்ணுருட்டி. பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற ஊர். பலா நம் மண்ணின் மரம். முந்திரியின் தாயகம் பிரேசில்; அதனையும் கொண்டுவந்தவர் போர்த்துகீசியரே. சந்தையில் ஒரே வண்டியில் இரண்டும் ஏறி வருகின்றன.

அதற்குக் கிழக்கே கடலூர். 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய புனித தாவீது கோட்டை தேவனாம்பட்டினத்தில் இருந்தது. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற 1746 முதல் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாக விளங்கியது அதுவே. அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 1674 முதல் பிரெஞ்சுக்காரர் வேரூன்றிய புதுச்சேரி. இரண்டு வல்லரசுகள் இவ்வளவு அருகருகே பீரங்கிகளை வைத்துக்கொண்டு நின்றன. பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன; ஆனால் அடுப்பில் கலந்தது கலந்ததாகவே இருக்கின்றது.

புதுச்சேரியில் 'கிரியோல்' சமையல் என்று ஒன்று உண்டு. பிரெஞ்சு முறையும் தமிழர் முறையும் கலந்தது. அதில் மூன்றாவது நாடும் உண்டு. வியட்நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் புதுச்சேரி மக்கள் பலர் அரசுப் பணியாகவும் படைப்பணியாகவும் சைகோனுக்குச் சென்றனர். திரும்பியவர்கள், இறைச்சியும் காய்கறியும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் அந்நாட்டுச் சிற்றுண்டியையும் கொண்டுவந்தனர். கொடுத்தலும் ஒரு பக்கமாக நிகழவில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் பல நாள் காயவைக்கும் தாளிப்பு வடகத்தை நம் பெண்டிர் அறிவர். அந்த வடகம் பிரெஞ்சுச் சமையலில் 'வடுவான்' என்ற பெயரோடு இடம்பெற்று, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய சமையற்காரர்கள் கையாளும் மசாலை ஆகிவிட்டது. நம் வீட்டுக் கூரையில் முறத்தில் காய்ந்த பொருள் அது!

'கிரியோல்' என்ற சொல்லைச் சொன்னேன். அதன் வேர் போர்த்துகீசிய, இசுப்பானிய மொழிகளில் இருக்கின்றது. 'குடியேற்ற நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்' என்பது அதன் தொடக்கப் பொருள். அந்தச் சொல்லை உலகமெங்கும் புகழ்பெறச் செய்த நாடு அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா. 1718இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய நியூ ஆர்லியன்சு நகரம் அங்கே உளது. நம் கடலூர்–புதுச்சேரிக் கதையை வேறு மேடையில் பார்ப்பதுபோல் இருப்பதால் அதனையும் சிறிது கூறுகிறேன்.

கனடாவின் கீழைக் கரையில் அக்கேடியா என்ற பகுதியில் பிரெஞ்சு மொழி பேசும் உழவர்கள் வாழ்ந்தனர். 1755 முதல் ஆங்கிலேயர் அவர்களை வீடு வாசலிலிருந்து விரட்டினர். பல ஆண்டுகள் அலைந்த பின் அவருள் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறினர். 'அக்கேடியன்' என்ற சொல் மருவி 'கேஜன்' ஆயிற்று. சதுப்பில் கிடைத்த நண்டும் இறாலும் மீனும், வயலில் விளைந்த அரிசியும் அவர்கள் உணவாயின. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளின் ஓரம், கிள்ளையில் நண்டும் இறாலும் கொடுவாவும் மடவையும் பிடித்துச் சோற்றோடு உண்ணும் நம் மக்களுக்கு இந்த வாழ்க்கை அயலாகத் தோன்றாது.

அந்த நாட்டின் பெயர்பெற்ற குழம்பு 'கம்போ'. அதன் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அடிமைகளாய்ப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்கள் சமையல் அறிவையும் உடன்கொண்டு சென்றனர். மாவை எண்ணெயில் வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவது பிரெஞ்சு முறை. வெண்டைக்காயால் கெட்டியாக்குவது ஆப்பிரிக்க முறை. சாசபிராசு என்ற மரத்தின் இலைப்பொடியால் கெட்டியாக்குவது அந்நாட்டுப் பழங்குடிகளின் முறை. மூவரும் ஒரே சட்டிக்குள் இருக்கின்றனர். வெளியே வாழ்வில் ஒருவனுக்கு ஆளும் உரிமை; ஒருவனுக்கு அடிமை விலங்கு; ஒருவனுக்கு நிலம் இழந்த துயரம். சட்டிக்குள் மட்டும் சமநிலை!

இத்தகைய உணவை லூசியானாவில் எங்கே தேடுவது? அங்கும் பெரிய விடுதிகள் உண்டு. பளிங்குத் தரை உண்டு. ஆனால் அரிசியும் பன்றி இறைச்சியும் அடைத்த 'பூடான்' என்ற பண்டம், நாட்டுப்புறச் சாலையோரத்துப் பெட்ரோல் நிலையக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் சுடச்சுடக் கிடைப்பதை அந்நாட்டார் பெருமையோடு சொல்கின்றனர். நியூ ஆர்லியன்சில் திங்கட்கிழமை என்றால் சிவப்புக் காராமணி போன்ற ஒரு பயறும் சோறும். முற்காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். பயற்றைக் காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டால் அது தானே மெல்ல வேகும்; பெண்கள் துவைத்து முடிக்கும்போது உணவும் ஆகிவிடும். வேலையின் வசதிக்குப் பிறந்த உணவு ஊரின் அடையாளம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை சென்று இறங்கும் பயணி அதனைத் தவறவிடக்கூடும்.

நம் சிதம்பரத்திலும் நாளறிந்து உண்ணும் உணவு உண்டு. மார்கழித் திருவாதிரையன்று களி. சேந்தனார் என்னும் அடியவர் விறகு வெட்டி வாழ்ந்தவர் என்றும், அவர் அளித்த களியைத் தில்லைக் கூத்தன் உவந்து ஏற்றான் என்றும் வழங்கும் கதையை அறிவீர்கள். வரலாற்று ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். எளியவன் வீட்டு அடுப்பிலும் இறைவன் விரும்பும் உணவு வேகும் என்று இவ்வூர் நம்பியது என்பது மட்டும் உறுதி.

இனி, தேடும் வழிக்கு வருகிறேன். நான் கண்டறிந்த நெறிகள் சில உண்டு.

முதலாவது, காலம். ஊர் எப்போது உண்கிறதோ அப்போது நீங்களும் உண்ணுங்கள். மீன் ஏலம் நடக்கும் துறைமுகத்தின் அருகே விடியற்காலையில் கடை நிறைந்திருக்கும்; ஒன்பது மணிக்குப் பானை கவிழ்ந்திருக்கும். நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் உள்ள மஞ்சக்குப்பத்தில் நண்பகலில் கூட்டம். பண்டம் தீர்ந்தவுடன் கதவடைக்கும் கடை நல்ல கடை. அன்று சமைத்ததை அன்றே விற்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, பலகை. வடநாட்டு உணவு, சீன உணவு, எல்லா நாட்டு உணவும் கிடைக்கும் என்று ஆள் உயரப் பலகை வைத்த இடத்தில் அந்த ஊரின் உணவு பெரும்பாலும் இராது. நான்கே பண்டங்களைச் சொல்லி, ஐந்தாவதைக் கேட்டால் 'இல்லை' என்று தயங்காமல் சொல்லும் கடையில் நம்பி அமரலாம்.

மூன்றாவது, துணைக்கறி. இட்லி எங்கும் உண்டு. பரோட்டா எங்கும் உண்டு. சோறும் எங்கும் உண்டு. அவற்றைக் கொண்டு ஊரை அடையாளம் காண இயலாது. இட்லியைப் பார்க்காதீர்கள், இட்லிக்குப் பக்கத்தில் ஊற்றப்படுவது எது என்று பாருங்கள். அங்கேதான் ஊர் தன் கையெழுத்தைப் போடுகிறது. சிதம்பரம் கொத்சில் கையெழுத்திடுகிறது. கடற்கரையூர் மீன் குழம்பின் தாளிப்பில் கையெழுத்திடுகிறது.

நான்காவது, தூய்மை. சிறுகடையைத் தேடுங்கள் என்றால் அழுக்குக் கடையைத் தேடுங்கள் என்று பொருள் அன்று. கொதித்த தண்ணீர், மூடிய பாத்திரம், உடனுக்குடன் எடுக்கும் இலை ஆகிய மூன்றும் செல்வத்தால் வருவன அல்ல, கருத்தால் வருவன. ஓலைக் கூரையின் கீழும் அவை உண்டு; குளிரூட்டிய அறையிலும் அவை இல்லாமற்போவது உண்டு.

ஐந்தாவது நெறியே தலையாயது. அது கேட்கும் முறை. "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று வெளியூரான் கேட்டால், நம் மக்கள் ஊரிலேயே பெரிய கட்டடத்தைக் கை காட்டுவார்கள். அது அறியாமை அன்று. விருந்தினனுக்கு உயர்ந்ததைக் காட்ட வேண்டும் என்ற பண்பு. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

ஒருமுறை கடலூர் முதுநகரில் சுமை தூக்கும் பெரியவர் ஒருவரிடம் இப்படிக் கேட்டேன். முதலில் அவரும் பேருந்து நிலையத்துப் பக்கம் கை காட்டினார். "அதுவல்ல ஐயா, தாங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்றேன். அவர் என் சட்டையையும் செருப்பையும் ஒருமுறை பார்த்தார். "நாங்க சாப்புடற எடமா? அது உங்களுக்குச் சரிப்படாது சார்," என்றார். "உங்களுக்குச் சரிப்பட்டால் எனக்கும் சரிப்படும், வாருங்கள்," என்று அழைத்தேன். நடந்துசென்று இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தோம். வடகம் தாளித்த மீன் குழம்பும் சோறும் வந்தன. மேலைநாட்டுச் சமையற்காரர் சிட்டிகை கணக்கில் தூவும் அந்த வடகம், இங்கே கைப்பிடியாய் விழுந்திருந்தது. கடையை நடத்திய அம்மாள் பெரியவருக்கு ஊற்றிய அளவே எனக்கும் ஊற்றினார். குழம்பின் சுவையை மறக்க முடியாது. ஆனால் அதனினும் மிகுதியாய் என் நெஞ்சில் தங்கியது, "உங்களுக்குச் சரிப்படாது" என்ற அந்தச் சொல்.

அந்தச் சொல்லின் பின்னே ஒரு நீண்ட வரலாறு நிற்கின்றது. மாணவர்கள் அதனை அறிந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் வழிப்பயணத்தில் பெரிதும் நம்பியவை கட்டுச்சோறும் சத்திரமும். இருப்புப்பாதை வந்த பின் நிலையந்தோறும் சிற்றுண்டிச்சாலைகளும் நகரந்தோறும் காப்பிக் கிளப்புகளும் பெருகின. காசு கொடுத்தால் உணவு கிடைக்கும் என்ற நிலை வந்தது. ஆனால் காசு கொடுத்தவர் எல்லோரும் ஒன்றாய் அமரலாம் என்ற நிலை வரவில்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையிலேயே பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று பிரித்திருந்த காலம் உண்டு. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் பல கடைகளில் உள்ளே இடமே இல்லை. தனிக் குவளை வைத்த கடைகளும் இருந்தன. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. நாட்டின் தலையாய சட்டத்தில் உணவு விடுதியைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வாயிற்படி எவ்வளவு உயரமாய் இருந்திருக்க வேண்டும்! அதன் பின்னும், 1957இல், விடுதிப் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்துப் பெரியார் ஈ.வெ.ரா. சென்னைத் திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

இவையெல்லாவற்றிற்கும் முன்னரே நம் பகுதியில் ஒருவர் வழி காட்டினார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேளாமல், ஊர் கேளாமல், பசியொன்றையே தகுதியாகக் கொண்டு சோறிட்ட இடம் அது. அன்று மூட்டிய அடுப்பை இன்றும் அணையாமல் காத்து வருகின்றனர். அண்ணாமலை நகரில் கற்போர் ஒருநாளேனும் சென்று அந்த அடுப்பைக் காண வேண்டும்.

லூசியானாவிலும் இதே போராட்டம் வேறு பெயரில் நடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே விடுதியில் சேர்ந்து உண்ணலாகாது என்று அங்கே விதி இருந்தது. நியூ ஆர்லியன்சில் 1941இல் தொடங்கிய 'தூக்கி சேசு' என்ற கறுப்பர் உணவு விடுதியின் மாடியறையில், உரிமைப் போராட்டத் தலைவர்கள் நிறம் பாராது கூடிப் பேசினர். அவர்களுக்குக் கம்போ சமைத்துப் பரிமாறியவர் லியா சேசு என்ற அம்மையார். 1923இல் பிறந்து 2019இல் மறைந்த அவரை, கிரியோல் சமையலின் அரசி என்று அந்நாடு போற்றுகின்றது. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்து உணவு விடுதிகளின் கதவுகளைத் திறக்கும் முன்பே, அவர் அடுப்பு அதனைச் செய்துகொண்டிருந்தது.

பலகைகள் இன்று போய்விட்டன. சட்டமும் நம் பக்கம் நிற்கின்றது. ஆயினும் "நாங்கள் சாப்பிடும் இடம் உங்களுக்குச் சரிப்படாது" என்று ஓர் உழைப்பாளி இன்னும் சொல்கிறார். படித்தவன் தன்னோடு அமரமாட்டான் என்று அவர் தம் வாழ்நாளில் கற்றிருக்கிறார். இந்தச் சுவரைச் சட்டத்தால் இடிக்க இயலாது. அந்தப் பெஞ்சில் சென்று அமர்வோரே இடிக்க இயலும். எளிய உணவுக்கடையைத் தேடிச் செல்வது நாவின் இன்பத்திற்கு மட்டும் அன்று என்று நான் கூறுவது இதனால்தான்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. நெடுஞ்சாலைகள் ஊர்களைத் தொடாமல் புறவழியாகச் செல்கின்றன. பயணிகள் வண்டி நிற்கும் இடத்திலேயே, எல்லா மாவட்டத்திலும் ஒரே சுவையுடைய உணவை உண்டு செல்கின்றனர். ஊருக்குள் உள்ள சிறுகடைக்கு வரும் கால்கள் குறைகின்றன. கத்திரிக்காயை வதக்கி மசித்துக் கொத்சு செய்யும் நேரத்தில் தேங்காய்ச் சட்னியை அரைத்துவிடலாம். கேட்பார் இல்லையெனில் கடைக்காரர் ஏன் அந்த வேலையை மேற்கொள்ள வேண்டும்? ஒருநாள் நிறுத்துவார். பிறகு அவர் பிள்ளைக்கு அதன் பக்குவம் தெரியாமற்போகும். உணவு மறைவது இப்படித்தான், ஓசை கேட்பதில்லை, ஒருவரும் அழுவதில்லை.

உ. வே. சாமிநாதையர் அண்ணாமலை நகருக்குப் புதியவர் அல்லர். 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராய் விளங்கியவர். வீடு வீடாய்ச் சென்று, பரண் பரணாய்த் தேடி, செல்லரித்த ஏடுகளை மீட்டவர். தேடுவார் இருந்ததால் அந்த நூல்கள் பிழைத்தன. பனையோலையில் எழுதிய இலக்கியத்திற்கு ஒருவர் கிடைத்தார். வாழையிலையில் பரிமாறும் வரலாற்றிற்கு அப்படி ஒருவர் மட்டும் போதாது. ஊருக்கு ஊர் பலர் வேண்டும். அதற்குப் புலமை வேண்டுவதில்லை. பசியும் பணிவும் போதும்.

சில உணவுகள் கடைகளில் கிடைக்கமாட்டா என்பதையும் நினைவில் வையுங்கள். புதுச்சேரிக் கிரியோல் சமையலில் பெரும்பகுதி வீடுகளுக்குள்தான் வாழ்கின்றது. பரங்கிப்பேட்டைத் தோழன் பெருநாளன்று வீட்டிற்கு அழைத்தால் செல்லுங்கள். கிள்ளைத் தோழி தன் தாய் சமைத்ததைக் கொண்டுவந்தால் பகிர்ந்து உண்ணுங்கள். என்ன உணவு, எப்படிச் செய்தது என்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாளும் ஊரும் குறியுங்கள். இன்று அது மாணவர் குறிப்பேடு. 50 ஆண்டு கழித்து அது சான்று.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் இருப்புப்பாதையைக் கடந்து ஊருக்குள் செல்லுங்கள். எதிர்ப்படும் தொழிலாளியிடம் "தாங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் தயங்கினால் இன்னொரு முறை கேளுங்கள். அவர் காட்டும் கடையில், அவர் அமரும் பெஞ்சில் அமர்ந்து, "கொத்சு உண்டா?" என்று வினவுங்கள். நாலைந்து பேர் நாள்தோறும் அப்படி வினவினால், அந்த அடுப்பில் கத்திரிக்காய் தொடர்ந்து வதங்கும்.